ரெண்டு வடம் பாக்கி

ஆபீசைத் தேடி ஆள் போவதுதான் உலக வழக்கம். எங்கள் கார்னபஸ்ட்டில் ஆளைத் தேடி ஆபீஸ் வந்தது. அதுவும் லாரியில், தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, புதன்கிழமை வரவேண்டியது சனிக்கிழமை மத்தியானம் வந்தது. மூன்று நாளாகக் கடல் சரியில்லை, கப்பல் ஓடவில்லை. ஸ்காட்லாந்துக்கு மேற்கே இந்த லூயிஸ் தீவில் நவம்பர் மாதத்தில் கப்பலை நம்பி நாள் குறிக்கிறவனை நாங்கள் பைத்தியம் என்போம். ஆனால் இந்த நாளைக் குறித்தது நாங்கள் இல்லை. பக்கத்து வீட்டு லோர்னாவுக்கு வேலை கொடுத்த கம்பெனி.

என் பெயர் ரூரி. ஊரில் பொக்லைன் ரூரி. இங்கே பாதி ஜனத்துக்கு ஒரே பெயர், பட்டப்பெயர் இல்லாவிட்டால் தபால்கூட வந்து சேராது. அந்த ஆபீசுக்கு அஸ்திவாரம் தோண்டியவன் நான்தான். நடந்த கூத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து வீடு ஃபின்லேயுடையது. எண்பத்தோரு வயது, பெண்டாட்டி போய் மூன்று வருஷம், சர்ச் சபையில் மூப்பர். கூட இருப்பது மகன் டோர்கிலும் மருமகள் லோர்னாவும். டோர்கில் மீன் பண்ணைப் படகில் வேலை பார்த்தான். போன வசந்தத்தில் பண்ணையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். லோர்னா கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்து ஆறு வருஷம். எங்கள் கேலிக் பேச்சு முக்கால்வாசி புரியும், நல்ல மாதிரி. ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரிக்கு நோயாளிகள் போன் போட்டால், வீட்டிலிருந்தே எடுத்துப் பேசி நாள் குறித்துக் கொடுக்கிற வேலை. அந்த வேலை இருந்தால் மூன்று பேரும் இந்த ஊரில் இருக்கலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான், வேறு வழியே இல்லை.

வீடோ இரண்டு படுக்கையறை, ஒரு சமையலறை. சுவர் பலகைச் சுவர். ஃபின்லேக்குக் காது மந்தம், அவர் ரேடியோ வைத்தால் என் வீட்டு நாய் எழுந்து உட்காரும். ஒரு நாள் யாரோ ஒரு அம்மா கர்ப்பப்பை ஆபரேஷனுக்குத் தேதி கேட்டு போனில் அழுதுகொண்டிருக்கிறாள். லோர்னா ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கிழவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, "செத்துப்போச்சு! செத்துப்போச்சும்மா! நான் அப்பவே சொன்னேன் தேறாதுன்னு!" என்று கத்தினார். ஆட்டைச் சொன்னார், பாவம். மருமகளுக்குப் புரியட்டும் என்று இங்கிலீஷில் வேறு சொல்லித் தொலைத்தார். அந்த அம்மா போனை வைத்துவிட்டுக் கம்பெனிக்கு எழுதிவிட்டாள்.

கம்பெனிக்காரன் மரியாதையாகத்தான் சொன்னானாம். நோயாளி பேசுவது வெளியாள் காதில் விழக்கூடாது. தனி அறை வேண்டும், பூட்டுகிற கதவு வேண்டும். நவம்பரில் ஒரு திங்கட்கிழமையைக் கெடு வைத்தான், லாரி வந்த சனிக்கு இரண்டாம் நாள்; அன்று காலை ஒன்பது மணிக்குக் கேமராவில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேறு ஆள்.

டோர்கில் தன் சொந்தச் சின்னப் படகை விற்றான். அந்தக் காசில் இந்தப் பெட்டி. பன்னிரண்டுக்கு எட்டடி, சுவர் தனி, தரை தனி, கூரை தனி. கொண்டுவந்து கோர்த்து முடுக்கினால் ஆபீஸ். ஊரில் யாரும் அதை ஆபீஸ் என்று சொல்லவில்லை. பெட்டி என்றுதான் சொன்னார்கள்.

தரையை நான் ஒரு மாதம் முன்பே தயார் பண்ணிவிட்டேன். எங்கள் மண்ணை மண்ணென்று சொன்னால் மண்ணுக்குக் கோபம் வரும். கறுத்த சகதி, வெட்டிக் காயவைத்தால் அடுப்பெரிக்கலாம், அவ்வளவுதான். நாலரை அடி தோண்டின பிறகுதான் பொக்லைன் வாளி டங்கென்று கெட்டிக் களிமண்ணைத் தட்டியது. ஆறு குழி, ஆறிலும் கான்கிரீட். இரண்டு பக்கமும் நாலு நாலு இரும்பு வளையம் பதித்தேன். பெட்டியின் கூரைக்கு மேலே கிழக்குப் பக்கத்திலிருந்து மேற்குப் பக்கம் நாலு கம்பி வடம் போட்டு, வளையத்தில் மாட்டி, ஸ்பானரால் முறுக்கி இறுக்க வேண்டும். எங்கள் ஊர்க் காற்றுக்குக் கோழிக்கூண்டுகூடக் கட்டுப்போட்டுத்தான் நிற்கும்.

லாரிக்காரன் சுவர்களை வரிசையாக இறக்கி வைத்துவிட்டு, கப்பலைப் பிடிக்க வேண்டும் என்று டீ கூடக் குடிக்காமல் ஓடிவிட்டான். நான், டோர்கில், லோர்னா மூன்று பேரும் இறங்கினோம். தூறல் நிற்கவே இல்லை. தரையைப் போட்டு மட்டம் பார்த்தோம். ஒரு மூலை அரை விரல் இறங்கியிருந்தது, தகடு கொடுத்துத் தூக்கினோம். சுவரைத் தூக்கும்போது லோர்னா தோள் கொடுத்தாள் பாருங்கள், சும்மா சொல்லக்கூடாது, ஆம்பளை தோற்றான்.

"அண்ணே, ஜன்னல் எந்தப் பக்கம் வருது?" என்று சுவருக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"கடல் பக்கம்மா."

"அப்ப வேலை பாத்தாப்பலதான். கடலையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"ஒனக்கு நாற்காலியைச் சுவரைப் பாத்துப் போட்டுடறேன் இரு," என்றான் டோர்கில்.

"போட்டுக்கோ. உங்கப்பா ரேடியோ கேக்காத இடத்துல எப்படிப் போட்டாலும் எனக்குச் சொர்க்கம்."

கிழவர் சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். "என்னடா, கோழி வளக்கப் போறீங்களா?"

"ஆபீஸ், மாமா! ஆபீஸ்!" என்று லோர்னா கத்தினாள்.

"ஆபீசா? கதவு எங்க?"

"ரூரி அண்ணன் கையில இருக்கு!"

என் பெண்டாட்டி டோலினா ஆட்டெலும்பு சூப்பும் உருளைக்கிழங்கும், ரத்தத்தில் மாவு பிசைந்து வறுத்த ரத்தப் புட்டும் கொண்டுவந்து வைத்தாள். நின்றுகொண்டே சாப்பிட்டோம். நாலு மணிக்கு இருட்டிவிட்டது. டிராக்டர் விளக்கைத் திருப்பி வைத்துக்கொண்டு கூரையைப் போட்டோம், கதவை மாட்டினோம். லோர்னா உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு, "இப்ப கத்துங்க பாப்போம்!" என்றாள். கத்தினோம். "ஒண்ணுமே கேக்கலை!" என்று உள்ளேயிருந்து அவள் சொன்னது எங்களுக்கு நன்றாகவே கேட்டது. அதை அவளிடம் நாங்கள் சொல்லவில்லை.

வடக்கு ஓரத்து வடம் இரண்டையும் கட்டி முறுக்கினோம். தெற்கில் இரண்டு பாக்கி. கூரை மேலே போட்டாகிவிட்டது, வளையத்தில் மாட்டி முறுக்க வேண்டியதுதான். அரை மணி நேர வேலை. மணி ஏழு.

டோர்கில் ஸ்பானரைக் கீழே வைத்தான். "போதும்ணே. அப்பா புத்தகம் எடுக்கிற நேரம்."

சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து பைபிளை வாசித்து ஜெபிப்பதைத்தான் புத்தகம் எடுப்பது என்போம். அதோடு ஞாயிறு ஓய்வுநாள் தொடங்கின மாதிரிதான், பிறகு ஒரு வேலையும் கூடாது. உருளைக்கிழங்கைக்கூட அதற்கு முன்பே உரித்துத் தண்ணீரில் போட்டுவிடுவார்கள்.

"அரை மணி நேரம்தானே டோர்கில்?" என்றாள் லோர்னா.

"அப்பா சன்னல்ல நிக்கிறார் பாரு. காத்து திங்கட்கிழமை மத்தியானம்தான்னு ரேடியோவுல சொல்லிட்டான். திங்கட்கிழமை விடியக்காலம் அஞ்சு மணிக்கு நானும் அண்ணனும் முடிச்சிடறோம். என்னண்ணே?"

"முடிச்சிடலாம்," என்றேன். என் வாயை என்ன சொல்ல.

லோர்னா மாமனார் நின்ற சன்னலைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனாள். வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் துணி துவைத்துக் கொடியில் காயப்போட்டாள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் சர்ச்சுக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் துணியெல்லாம் மடித்து மேசை மேல் இருந்தது, ஈரத்தோடு. யார் எடுத்தது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. திட்டியிருந்தால் அவளும் திட்டிவிட்டு மறந்திருப்பாள். அன்றையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு குச்சியை நகர்த்துவதற்கும் யார் முகத்தையாவது பார்ப்பாள்.

ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போகும்போது காற்று சாதுவாக இருந்தது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது தொப்பியைப் பிடித்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. அதுவும் தென்மேற்கிலிருந்து. தெற்குப் பக்கம்தானே கட்டாமல் கிடக்கிறது!

வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், இறங்கவில்லை. மூன்று மணிக்குச் சன்னலில் நின்று பார்த்தால் மாட்டாத வடத்தின் நுனி பெட்டிச் சுவரில் அடித்துக்கொண்டிருக்கிறது. பெட்டியின் தெற்குக் கூரை ஓரம் மூச்சு வாங்குகிற மாதிரி ஏறி இறங்குகிறது.

"போயிட்டு வாங்களேன்," என்றாள் டோலினா.

"ஃபின்லே என்ன நினைப்பார்? மூப்பர் வீட்டு வாசல்ல ஓய்வுநாள்ல போய் ஸ்பானரைத் திருகிக்கிட்டு நின்னா?"

"சும்மா பாக்கப் போன மாதிரி போங்க."

சும்மா பார்க்கத்தான் போனேன். கறுப்புக் கோட்டு, டை, கோட்டுப் பையில் ஸ்பானர். டோலினா பார்த்தாள். "பை கிழிஞ்சிடும்," என்று மட்டும் சொன்னாள்.

ஃபின்லே வீட்டுச் சமையலறையில் மூவரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். லோர்னா எனக்கு டீ ஊற்றினாள். பாதி சாஸரில் சிந்தியது. வெளியே டக், டக், டக் என்று அந்த வடம்.

"உக்காரு ரூரி," என்றார் ஃபின்லே. "போதகர் இன்னிக்கு நல்லாப் பேசினார்."

"நல்லாப் பேசினார்."

"கொஞ்சம் நீளம்."

"நீளம்தான்."

"காத்து திரும்பிடுச்சு," என்றான் டோர்கில்.

"திரும்பிடுச்சு," என்றேன்.

"நாளைக்குத்தானே காத்துன்னு சொன்னாங்க?" என்றாள் லோர்னா. மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள்.

"அவங்க சொன்னாங்கம்மா. காத்து கேக்கணுமே," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. கிழவர் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அவர் சர்க்கரையே போடுவதில்லை.

"எங்கப்பன் காலத்துல," என்று ஆரம்பித்தார், "ஒரு ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போற வழியில யாரோட மாடோ சகதியில இறங்கிடுச்சு. எங்கப்பன் கோட்டைக் கழட்டி வேலியில போட்டுட்டு இறங்கிட்டார். இடுப்பு வரைக்கும் சகதி. அப்படியே சர்ச்சுக்கும் வந்து உக்காந்தார். அவசியமான வேலை, இரக்கமான வேலை, ரெண்டுக்கும் ஓய்வுநாள்ல தடை இல்லை."

சொல்லிவிட்டு மகனைப் பார்த்தார்.

"மாடு உயிருப்பா," என்றான் டோர்கில்.

"ஆமா. உயிர்தான்."

"பெட்டி மரம்."

கிழவர் கரண்டியைக் கோப்பையிலிருந்து எடுத்து வைத்தார். "மரம்தான்," என்றார்.

இப்போது நான் வாயைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. மூப்பர் என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். "மரத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றேன்.

லோர்னா கெட்டிலை ணங்கென்று வைத்தாள். "அப்ப நான் போகவா?"

டோர்கில், "ஒனக்கு அது தெரியாது. வடம் கையில அடிச்சா விரல் போயிடும்," என்றான்.

"சொல்லிக் குடு. கத்துக்கறேன்."

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா என்னைப் பார்த்தார். நான் கோப்பையைப் பார்த்தேன். ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவள் நின்றாள், நின்றாள், பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்து நிமிஷம் இருக்கும். டக் டக் சத்தம் நின்றது. காற்று அடங்கிவிட்டது என்று நினைத்து டோர்கில் மூச்சு விட்டான். அப்போது ஒரு சத்தம் வந்தது. படகின் அடிப்பலகை பாறையில் பிளக்கிற சத்தம்.

ஓடினோம். கிழவர் வீட்டுச் செருப்போடு ஓடிவந்தார். பெட்டியின் தெற்குப் பக்கம் மேலே எழும்பி, முழுப்பெட்டியும் வடக்குக் காலில் எழுந்து நின்றது. அந்தப் பக்கம் நாங்கள் கட்டின இரண்டு வடமும் விடவில்லை. நல்ல கட்டு. விட்டிருந்தால் முழுசாகவாவது உருண்டிருக்கும், வேலியில் போய்த் தங்கியிருக்கும். விடாமல் பிடித்துக்கொண்டதால் சுவர் சுவராகக் கிழிந்தது. கூரை என் தலைக்கு மேலே போனது. கடலைப் பார்த்த சன்னல் வெடித்தது. கதவு பூட்டோடு போய்க் கீழே ஏரியில் விழுந்தது. லோர்னா தரைப்பலகையின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "பிடிங்க! பிடிங்க! ஏன் நிக்கறீங்க!" என்று கத்தினாள். டோர்கில் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்து வந்தான். அவள் அவனை அடித்தாள். நானே பார்த்தேன்.

உள்ளே வந்து உட்கார்ந்தோம். நாலு பேர் உடம்பிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. கிழவருக்கு உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"நீ ஏண்டா போகலை?" என்று மகனைக் கேட்டார்.

"ஒங்களுக்காகத்தாம்ப்பா."

"எனக்காகவா? நான் மாட்டுக் கதையை எதுக்குடா சொன்னேன்?"

"என்னைத் தடுக்கத்தான் சொல்றீங்கன்னு..."

"அட மடையா! போடான்னு நேரா எப்படிச் சொல்லுவேன்? ரூரி உக்காந்திருக்கான், நான் மூப்பர். நாளைக்குச் சபையில என்ன பேச்சு வரும்? நீயா எந்திரிச்சுப் போவேன்னு பாத்தேன். நீதான் சர்ச்சுப் பக்கமே வராதவனாச்சே!"

"வராதவன் ஞாயித்துக்கிழமை வேலையும் செஞ்சான்னு உங்களை யாராவது கேட்டா?"

"யாருடா கேக்கப் போறா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்ய? பையிலிருந்து ஸ்பானரை எடுத்து மேசை மேல் வைத்தேன். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னுதான் வந்தேன்," என்றேன்.

லோர்னா ஸ்பானரைப் பார்த்தாள். "இது எப்ப இருந்துண்ணே உங்ககிட்ட இருக்கு?"

"வீட்டுலேருந்து."

"டீ குடிக்கும்போதும்?"

"டீ குடிக்கும்போதும்மா."

அவள் எழுந்து படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தப் பலகைச் சுவர் வழியாக எல்லாம் கேட்டது. கிழவருக்குக்கூடக் கேட்டிருக்கும்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரி, சமையலறை மேசையில் உட்கார்ந்து கேமராவைத் திறந்தாளாம். டோர்கில் பிறகு சொன்னான். அந்தப் பக்கம் இருந்தது சின்னப் பெண், நல்ல பெண். லோர்னா கேமராவைச் சன்னல் பக்கம் திருப்பி, ஆறு கான்கிரீட் கட்டைகளையும் காட்டியிருக்கிறாள். "ஐயோ, காத்தா? இங்க நல்ல வெயிலடிக்குதே!" என்றதாம் அந்தப் பெண். ரொம்ப வருத்தம் என்றதாம். அறை கிடைத்ததும் புதிதாக மனுப் போடுங்கள் என்றதாம். எல்லாம் சேர்த்து நாலு நிமிஷம்.

கடலுக்கு அந்தப் பக்கம் டண்டீ நகரத்தில் லோர்னாவின் அக்கா வீட்டில் ஒரு அறை இருக்கிறது. பார்சல் கிடங்கில் இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறதாம், ராத்திரி ஷிப்ட். அடுத்த செவ்வாய்க்கிழமைக் கப்பலுக்குச் சீட்டுப் போட்டுவிட்டார்கள். கிழவரைக் கூப்பிட்டார்கள். "அந்த ஊர்ல நான் யார்கிட்டப் பேச?" என்றார். டவுன் முதியோர் இல்லத்தில் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறது. இடம் காலியாகும்வரை டோலினா சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பாள். டோர்கில் என்னிடம் இதையெல்லாம் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு. பதினொன்றரைக்கு நானும் டோலினாவும் சர்ச்சுக்குக் கிளம்பினோம். ஃபின்லே வீட்டுப் பின்னால் யாரோ குனிந்து நிமிர்கிறார்கள். பார்த்தால் கிழவர். சர்ச்சுக்குப் போகிற கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி. ஒவ்வொரு பலகையாகப் பொறுக்கிக் கொண்டுவந்து சுவரோரமாக அடுக்கிக்கொண்டிருக்கிறார். ஊர் முழுக்க அந்த வழியாகத்தான் சர்ச்சுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு காரும் வேகம் குறைத்தது. ஒவ்வொருவரும் கையைத் தூக்கி ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போனார்கள். போதகரே நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். நான் வேலியோரம் நின்றுவிட்டேன்.

"குளிரா இருக்கு ஃபின்லே. கையுறை போட்டுக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவுதான். வேறு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

டோலினாவை நடக்கச் சொல்லிவிட்டு நான் வேலியைத் தாண்டிப் போய் ஒரு பலகையின் மறுமுனையைப் பிடித்தேன். கிழவர் தன் முனையைத் தூக்கினார். இரண்டு பேருமாகப் பத்துப் பன்னிரண்டு பலகை சேர்த்திருப்போம். லோர்னா பின்வாசலில் வந்து நின்றாள். கையில் பாதி மடித்த ஒரு ஸ்வெட்டர்.

"இப்ப எதுக்கு மாமா இது?"

"காத்து வரப்போகுதும்மா," என்றார் கிழவர். "இதெல்லாம் பறந்து யார் மேலயாவது விழுந்தா? இது அவசியமான வேலைதான். தப்பில்லை."

"போன ஞாயித்துக்கிழமையும் காத்து வந்துச்சு மாமா," என்றாள்.

கிழவர் கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தார். பிறகு மறுபடியும் எடுத்துக்கொண்டார்.